விரல்தானே... அப்படின்னு சொல்றவங்களுக்கு

இன்னைக்கு கொஞ்சம் கோபமாத்தான் எழுதறேன், பொறுத்துக்குங்க.

நம்ம ஆளுங்க கால் ஒடிஞ்சா ஆஸ்பத்திரிக்கு ஓடுவாங்க. விரல் ஒடிஞ்சா மட்டும், "விரல்தானே, எண்ணெய் போட்டு இழுத்துவிட்டா சரியாயிடும்!" நான் இருக்கும் மட்டாஞ்சேரிக்குப் பக்கத்தில், ஃபோர்ட் கொச்சி தோபிகானாவில் தலைமுறை தலைமுறையாகத் துணி வெளுக்கும் தமிழ்க் குடும்பங்களைப் பாருங்க. அவங்களுக்கு முதலே விரல்தான்.

காமர்ஸ் படிச்சவன், கணக்காவே சொல்றேன். வேலையில் விரல் போனால் சம்பாதிக்கும் திறன் எவ்வளவு குறையும்னு 1923-ஆம் வருட தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் பட்டியல் போட்டது. கட்டை விரல் 30 சதவீதம், சுட்டு விரல் 14, நடு விரல் 12, மோதிர விரலோ சுண்டு விரலோ 7. விரல் இருந்தும் மடங்கலைன்னா? அதை டாக்டர் மதிப்பிடணும். சொந்தத் தொழில்காரருக்கு அந்த இழப்பீடும் கிடையாது. பேங்க் கவுண்டரிலும் பார்க்கிறேன், கோணல் விரலால் போட்ட கையெழுத்து பழசோடு ஒத்துப்போகாமல் அலைபவர்களை.

"ஆபரேஷன்னு சொல்லி பணம் பிடுங்குவாங்க சார்." பயம் நியாயம்தான். ஆனா எல்லா முறிவுக்கும் ஆபரேஷன் வேண்டாம். எலும்பு நகராமல் இருந்தால் பக்கத்து விரலோடு சேர்த்துக் கட்டினாலே பல சமயம் போதும். மூட்டுக்குள் உடைஞ்சிருந்தால், எலும்பு நிலைகொள்ளாமல் நகர்ந்தால், முறுக்கிக்கிட்டால்தான் கம்பியோ சின்ன பிளேட்டோ தேவைப்படும். கம்பியைப் பெரும்பாலும் மூணு நாலு வாரத்தில் எடுத்துடுவாங்க.

முறுக்கு எப்படித் தெரியும்? மெதுவா விரல்களை மடக்கச் சொல்லுங்க. ஒரு விரல் பக்கத்து விரல் மேல ஏறிப் படுத்தால் உடனே கிளம்புங்க. எக்ஸ்ரேயில்கூட இது தப்பிப் போகலாம். இழுத்துவிட்டு, கட்டுப்போட்டு, மாசக்கணக்கில் காத்திருந்தால் எலும்பு கோணலாவே ஒட்டிக்கும். பிறகு வெட்டித்தான் நிமிர்த்தணும். அதுதான் பெரிய செலவு!

2015 ஜனவரியில் இந்தியாவிலேயே முதன்முறையாக ஒருவருக்கு வேறொருவரின் இரண்டு கைகளையும் பொருத்தியது இதே கொச்சியில், அம்ருதா ஆஸ்பத்திரியில். சென்னை ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியில் கைக்கென்றே தனிப் பிரிவு 1970-களிலிருந்து இருக்கு. இத்தனையும் வெச்சுக்கிட்டு நாம எண்ணெய் பாட்டிலைத் தேடறோம்.

அடிபட்ட அன்னைக்கே எக்ஸ்ரே எடுங்க. கட்டுப் பிரிச்சதும் டாக்டர் சொன்ன விரல் பயிற்சியை விடாதீங்க, பாதிக் குணம் அதில்தான். இனிமே யாராவது "விரல்தானே"ன்னா, அந்த விரலை ஒரு வாரம் மடக்காமல் வேலை பார்க்கச் சொல்லுங்க!