காலிக் கட்டம் ‘இல்லை’ என்று சொல்லவில்லை

மொழிப் பயன்பாட்டுக் களஆய்வுகளின் தரவுத்தளங்களில் எவரும் சொல்லாத பொய்யொன்று பதிவாகிக்கொண்டிருக்கிறது. படிவத்தில் ஒரு தேர்வுப்பெட்டி. அருகில் ‘வீட்டில் குழந்தைகள் இம்மொழியைப் பேசுகின்றனர்’ என்ற தொடர். டிக் செய்தால் அட்டவணையில் 1, செய்யாவிட்டால் 0. ஓராண்டு கழித்து ஆய்வேடு எழுதப்படும்போது அந்த 0 ‘குழந்தைகள் பேசுவதில்லை’ என்று வாசிக்கப்படுகிறது. ஆனால் கட்டம் ஏன் காலியாக இருந்தது? தகவலாளர் ‘இல்லை’ என்று சொல்லியிருக்கலாம். அந்த வீட்டில் குழந்தைகளே இல்லாதிருக்கலாம். பதில் சொன்னவர் விருந்துக்கு வந்த உறவினராக இருக்கலாம். இருட்டிவிட்டதென்று களப்பணியாளர் அடுத்த பக்கத்துக்குத் தாவியிருக்கலாம். இந்த நான்கையும் ஒரே சுழியத்தில் அடைத்துவிட்டு, அதன்மேல் சதவீதம் கணக்கிடுவதை ஆய்வு என்று அழைப்பது தகாது.

இது சிறு பிழையன்று. யுனெஸ்கோவின் வல்லுநர் குழு 2003இல் மொழியின் உயிர்ப்பை அளக்க வகுத்த ஒன்பது காரணிகளில் முதலாவது, தலைமுறைகளுக்கிடையே மொழி கைமாறுதல். ஒரு மொழியை ‘அருகிவரும் மொழி’ என்று அறிவிப்பதா வேண்டாமா என்பதில் முன்னிற்கும் கேள்விக்கே இந்தக் கதி. எடுத்துக்காட்டாக, 200 வீடுகளில் 60 வீட்டினர் ஆம் என்றும் 90 வீட்டினர் இல்லை என்றும் சொல்ல, 50 வீடுகளில் கேள்வியே கேட்கப்படவில்லை என்று கொள்வோம். கேட்கப்படாதவற்றை 0 ஆக்கினால் 30 விழுக்காடு. விடையளித்தவர்களை மட்டும் எண்ணினால் 40 விழுக்காடு. இடையிலுள்ள பத்து விழுக்காட்டை இழந்தது அம்மொழிச் சமூகம் அன்று, படிவம்.

பிழை எங்கே பிறக்கிறது என்பதைப் பார்த்தால் வியப்பு மிகும். இணையப் படிவத்தில் டிக் செய்யப்படாத தேர்வுப்பெட்டியைப் பற்றி உலாவி சர்வருக்கு எதையுமே அனுப்புவதில்லை. ‘இல்லை’ என்றுகூட அனுப்புவதில்லை. அந்த மௌனத்தை 0 என்று மொழிபெயர்ப்பவர் நிரலாளர். ரூபி ஆன் ரெயில்ஸ் போன்ற கட்டமைப்புகளில் தேர்வுப்பெட்டியுடன் 0 மதிப்புள்ள மறைபுலம் ஒன்றும் தானாகவே சேர்ந்துவிடுவதால், மொழிபெயர்ப்பு நடப்பதே எவர் கண்ணிலும் படாது. ‘தீர்மானிக்கப்படாத’ நிலையைக் காட்டும் ஒரு கோடு உலாவியின் தேர்வுப்பெட்டியில் உண்டு. அது வெறும் தோற்றம், படிவத்தோடு சேர்ந்து பயணிக்காது. பல துறைகளுக்குப் பழகிய மைக்ரோசாஃப்ட் ஆக்ஸஸில் நிலைமை இன்னும் வெளிப்படை. அதன் ‘ஆம்/இல்லை’ வகைப் புலம் -1, 0 என்ற இரண்டை மட்டுமே ஏற்கும். படிவத்தின் தேர்வுப்பெட்டிக்கு மும்மை நிலைப் பண்பைக் கொடுத்தாலும், கீழே இருக்கும் புலம் மூன்றாம் நிலையைச் சேமிக்காது. எண்வகைப் புலமாக மாற்றினால்தான் சேமிக்கும். இந்த ஒரு மாற்றத்துக்குச் சில நிமிடங்களே போதும்.

இதைவிடக் கொடியது இடையில் சேர்க்கப்படும் பத்தி. ஆய்வின் மூன்றாம் ஆண்டில் யாரோ ஒருவர் ‘பள்ளியில் தாய்மொழி பயன்படுகிறதா’ என்ற புதிய கேள்வியைச் சேர்க்கச் சொல்கிறார். நிரலாளர் அட்டவணையில் ஒரு பத்தியைக் கூட்டி, ‘காலியாக இருக்கக் கூடாது, இயல்புமதிப்பு 0’ என்று ஒரே வரியில் கட்டளை இடுகிறார். அந்த நொடியில், முதல் இரண்டு ஆண்டுகளில் சந்திக்கப்பட்ட அத்தனை பேரும் தாங்கள் கேட்டேயிராத கேள்விக்கு ‘இல்லை’ என்று விடையளித்தவர்களாகிறார்கள். அவர்களில் இறந்துபோனவர்களும் இருக்கலாம்.

மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்பது உலக வழக்கு. தரவுத்தளம் அதைப் புரட்டிப்போட்டு மௌனத்தை மறுப்பாக்குகிறது. இரண்டுக்கும் அடியில் இருப்பது பேசாதவருக்காகப் பேசும் அதே துணிச்சல்தான். நன்னூல் விடையை எட்டு வகையாகப் பிரிக்கிறது. மறையும் நேரும் அவற்றுள் இரண்டே. வினாவுக்கு எதிர்வினா எழுப்புவதும், தனக்கு உற்றதைச் சொல்வதும்கூட அங்கே விடைதான். எட்டிலும் மௌனம் இல்லை. ஏனெனில் விடை என்றால் ஒருவர் சொல்லியிருக்க வேண்டும். இந்தப் பகுப்பைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்தவர்களே, படிவம் வகுக்கும்போது எட்டை இரண்டாகச் சுருக்குவதோடு நில்லாமல், சொல்லாததையும் அந்த இரண்டில் ஒன்றாக எண்ணுகிறார்கள்.

நிரலாளர் தரப்பில் ஒரு மறுப்பு உண்டு. அதில் நியாயமும் உண்டு. வெற்று மதிப்பை, அதாவது ‘நல்’ என்பதை, (தமிழில் எழுதினால் நல்லது போலத் தோன்றும் இச்சொல்லுக்கு அந்தத் தகுதி இல்லை) அனுமதித்தால் எஸ்கியூஎல் மூன்று மதிப்புத் தருக்கத்துக்குள் போய்விடும். ‘0க்குச் சமமானவை’ என்று வினவினாலும் ‘1க்குச் சமமல்லாதவை’ என்று வினவினாலும் வெற்று வரிசைகள் வாரா. மேற்சொன்ன 200 வீடுகளில் 50 வீடுகள் இரண்டு பட்டியலிலும் இல்லாமல் மறைந்துபோகும். தனியே ‘வெற்றாக உள்ளவை’ என்று கேட்டால்தான் வெளிவரும். உறவுநிலைத் தரவுத்தளக் கோட்பாட்டை 1970இல் முன்வைத்த எட்கர் காட் வெற்று மதிப்பை ஆதரித்தார். அவருடன் பணியாற்றிய கிறிஸ் டேட் அதை விடாது எதிர்த்தார். காட் தாமே 1990இல் வெளியிட்ட நூலில், ‘உண்டு, ஆனால் தெரியவில்லை’ என்பதற்கு ஒரு குறியும் ‘பொருந்தவே பொருந்தாது’ என்பதற்கு வேறொரு குறியும் வேண்டும் என்றார். குழந்தையில்லா வீட்டையும் கேள்வி கேட்கப்படாத வீட்டையும் அன்றே பிரித்துவிட்டார். ஆக, வெற்று மதிப்பு பிடிக்காதவர் அதை விட்டுவிடட்டும். ஆம், இல்லை, தெரியாது, பொருந்தாது, கேட்கப்படவில்லை என்ற ஐந்து குறியீடுகளை மட்டும் ஏற்கும் ஒரு பத்தியை அமைக்கட்டும். அவர்களுடைய எதிர்ப்பு வெற்று மதிப்புக்கு எதிரானதே தவிர, பொய்ச் சுழியத்துக்கு ஆதரவானதன்று.

ஒப்புதல் பெறும் கட்டம் மட்டும் வேறு. அங்கே டிக் இல்லையென்றால் ஒப்புதல் இல்லை. அப்படித்தான் இருக்க வேண்டும். இந்தியாவின் 2023ஆம் ஆண்டு எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒப்புதலுக்குத் தெளிவான உடன்பாட்டுச் செயலைக் கோருகிறது. ஆனால் அங்கும் மறுத்தவரும் கேட்கப்படாதவரும் ஒருவரல்லர். கேட்கப்படாதவரிடம் இனிக் கேட்கலாம். மறுத்தவரிடம் மீண்டும் மீண்டும் போய் நிற்பது தொல்லை.

‘அதெல்லாம் டெக்னிக்கல் விஷயம், கணினிப் பையன் பார்த்துக்கொள்வான்’ என்ற துறைசார் பெருமிதத்துக்கு இங்கே இடமில்லை. எந்த விடைகள் சாத்தியம் என்று வரையறுப்பது ஆய்வாளரின் வேலை. அது ஒப்பந்த ஊழியர் ஒருவரின் தலையில் கட்டப்பட்டால், அவர் தம் கருவி எளிதாகத் தருவதையே தருவார். அவரைக் குறை சொல்ல முடியாது. 195 இலக்கணக் கூறுகளை 2,400க்கும் மேற்பட்ட மொழிகளில் பதிவுசெய்யும் கிராம்பேங்க் தரவுத்தளம் 0, 1 ஆகியவற்றோடு கேள்விக்குறியையும் ஒரு மதிப்பாக வைத்திருக்கிறது. இலக்கண நூல்களைப் படித்துத் தொகுப்போரே ‘தெரியவில்லை’ என்று எழுதத் தயங்காதபோது, மனிதர்களைச் சந்தித்துத் தொகுப்போருக்கு என்ன தயக்கம்?

செய்ய வேண்டியது கொஞ்சமே. ஆம்–இல்லை கேள்விக்குத் தேர்வுப்பெட்டி வேண்டாம். எதுவும் முன்கூட்டித் தெரிவுசெய்யப்படாத வட்டத் தெரிவுகள் போதும். இயல்புமதிப்பு 0 வேண்டாம். முடிவு அட்டவணையில் விடையளிக்காதோர் எண்ணிக்கைக்கென ஒரு பத்தி வேண்டும். ஆய்வேட்டு மதிப்பீட்டாளர்கள் அதைக் கேட்டுப் பெற வேண்டும். ஏற்கெனவே சுழியங்களால் நிரம்பிய தரவுத்தளங்களைப் பொறுத்தவரை, ஒவ்வொரு பத்தியும் சேர்க்கப்பட்ட நாளைக் கண்டுபிடித்து, அதற்கு முந்தைய வரிசைகளின் சுழியங்களையேனும் உடனே நீக்கலாம். மற்றவற்றைக் கணினியால் பிரித்தெடுக்க முடியாது. ஓரத்தில் ‘வீட்டில் ஆளில்லை’, ‘நேரமில்லை’ என்று பென்சிலில் கிறுக்கிய காகிதப் படிவங்கள் பல துறைகளின் அலமாரிகளில் இன்னும் கிடக்கின்றன. இடம் போதவில்லை என்று அவற்றைப் பழைய பேப்பர் கடைக்குப் போடுமுன், யாராவது உட்கார்ந்து அந்த ஓரங்களைப் படிக்க வேண்டும்.