பூசணிப் பூவும் தனித் தேனீயும்



1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்த அக்கா ஒருவர், 2017 இல் தன் காணிக்குத் திரும்பினார். கணவர் இல்லை. வளவு முழுக்கப் பற்றை. அடியோடு வெட்டி எரித்து, வேலிக்குத் தகரம் அடைத்து, பூசணியும் கத்தரியும் நட்டார். கொடி நிறையப் பூத்தது. பிஞ்சுகளோ மஞ்சளாகி விழுந்தன.

“மிஸ், மண்ணுக்கும் எங்களில கோபம் போல” என்றார்.

விவசாயப் போதனாசிரியரை அழைத்துச் சென்றேன். மண்ணில் குறையில்லை என்றார் அவர். பூசணியில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. மகரந்தம் பிசுபிசுப்பானது; காற்றில் பறக்காது. தேனீதான் காவ வேண்டும். பூ விடியலில் விரிந்து மதியத்துக்குள் வாடிவிடும். அக்கா மருந்தடித்ததும் காலையில்தான்.

இலங்கையில் ஏறத்தாழ 150 வகைத் தேனீக்கள் உள்ளன. தேன் சேர்ப்பவை மிகச் சிலவே. பெரும்பாலானவை தனித்து வாழ்பவை. பெண் தேனீ தானே நிலத்தில் குழி தோண்டி, மகரந்தம் சேர்த்து, முட்டையிட்டு, வாசலை அடைத்துவிடும்.

“துணையில்லாமலோ?” என்று கேட்டுச் சிரித்தார் அக்கா.

உடலில் நீலக்கோடு கொண்ட ஒரு தேனீ, கத்தரிப் பூவைப் பற்றிக்கொண்டு அதிரச்செய்து மகரந்தத்தை உதிர்க்கும். தேனடை கட்டும் தேனீக்களால் அது முடியாது. கருவண்டு காய்ந்த மரத்தைக் குடைந்து குடியிருக்கும். பற்றையும் தோட்டமும் சந்திக்கும் ஓரத்தில் இவற்றுக்கு உணவும் உறைவிடமும் கிட்டக்கிட்டக் கிடைக்கின்றன. அந்த ஓரத்தைத்தான் நாம் எரித்துவிட்டோம்.

“பற்றையைக் கண்டாலே நெஞ்சு பதறுது, மிஸ்.”

பாம்புக்கும் வெடிக்கும் பயந்து வாழ்ந்தவரின் பயம் வீண் பயமல்ல. ஆகவே வீட்டுக்குத் தள்ளி ஒரு மூலையை மட்டும் விட்டோம். கொத்தாத வெறுநிலம், இரண்டு காய்ந்த மரக்குற்றி, சுற்றிவர துளசியும் தும்பையும்.

நீங்களும் செய்யலாம். மருந்து தவிர்க்க முடியாவிட்டால், பூக்கள் வாடியபின் மாலையில் அடியுங்கள். தேனீ வரும்வரை, விடியலில் ஆண் பூவைப் பறித்து, இதழ்களை நீக்கி, அடியில் பிஞ்சுள்ள பெண் பூவின் நடுவில் மெல்லத் தடவுங்கள்.

அக்கா அப்படித்தான் முதல் பூசணிக்காயைக் கண்டார். போன கிழமை போனபோது, கத்தரிப் பாத்தியருகே என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

“சத்தம் போடாதேங்கோ மிஸ். அவ வந்திருக்கிறா.”