ஐவர் மலையில் ஒருவருக்குச் சோறு

தாராபுரத்தில் இருக்கிற நமக்குப் பழனி என்றால் பக்கத்து வீடு மாதிரி. மொட்டை, காதுகுத்து, கிருத்திகை என்று வருஷத்துக்கு நாலு தடவையாவது போய்விடுகிறோம். ஆனால் பழனிக்கு மேற்கே, பாப்பம்பட்டி பக்கம் இருக்கும் ஐவர் மலையைப் பார்த்தவர்கள் நம் தெருவில் எத்தனை பேர்? "அங்கெ என்னங்க இருக்குது, வெறும் பாறை!" என்றார் எதிர்வீட்டு அக்கா.

வெறும் பாறை இல்லை, சகோதரிகளே! பஞ்ச பாண்டவர் வனவாசத்தில் தங்கிய இடம், அதனால்தான் ஐவர் மலை என்பார்கள் ஊர்க்காரர்கள். ஆனால் பாறையில் வரிசையாகச் செதுக்கியிருப்பது சமணத் தீர்த்தங்கரர்களை. தலைக்கு மேல் பாம்பு படமெடுத்தால் அவர் பார்சுவநாதர் என்று குழந்தையிடம் ஒரு தடவை சொல்லிவிடுங்கள். அப்புறம் அதுவே தேடிக் கண்டுபிடித்துவிடும்.

சிலைகளைவிட எனக்குப் பிடித்தது அங்குள்ள வட்டெழுத்துக் கல்வெட்டுத்தான். சக ஆண்டு 792, அதாவது கி.பி. 870, வரகுண பாண்டியனின் எட்டாம் ஆட்சியாண்டு. (அவன் பட்டத்துக்கு வந்தது 862 என்று கணக்குப் போட்டதே இதை வைத்துத்தான்.) சாந்திவீரக் குரவர் என்ற சமணப் பெரியவர் பார்சுவ படாரரையும் இயக்கி அவ்வைகளையும் புதுக்கி, படையல் தவறாமல் நடக்கவும் ஓர் அடிகளுக்குச் சோறு போடவும் 505 காணம் பொன் வைத்தாராம். புதுக்கினார் என்றால், அன்றைக்கே அவை பழசு! அந்தக் காலத்தில் இப்படி வைக்கும் பொன்னில் முதலைத் தொடமாட்டார்கள். வரும் பொலிசையில்தான் செலவு. சீட்டுப் பணத்தை மாசக் கடைசியில் உடைக்கிற நமக்கு இது கொஞ்சம் சுருக்கென்று தைக்கும்.

ஒரே ஒரு துறவியின் சாப்பாட்டுக் கணக்கு ஆயிரத்து நூறு வருஷத்துக்கு மேல் அழியாமல் இருக்கிறது. அதை அழிக்க மன்னர் படை வேண்டாம், நம் வீட்டுப் பையன் கையில் ஓர் ஆணி போதும். பக்தியிலும் கவனம் வேண்டும். எண்ணெய் தடவினால் தூசி அப்பிக்கொள்ளும். சுண்ணாம்பு பூசினால் எழுத்தின் பள்ளம் அடைந்துபோகும். பழைய கல்லுக்கு ஒரு கும்பிடு போதுமுங்க.

வெயிலுக்கு முன்னே ஏறிவிடுங்கள், தண்ணீர் அவசியம். ஒரு டார்ச் விளக்கும் இருக்கட்டும். நேராக அடிக்காமல் பக்கவாட்டில் பிடித்தால், மங்கின எழுத்தும் பளிச்சென்று எழுந்து நிற்கும்.