டீசல் ஜீப் வாங்கும் முன் ஒரு கணக்கு

நமது வியாபாரிகளிடம் ஒரு பழக்கம் காணப்படுகின்றது. கடை இரண்டு வருடம் நன்றாக ஓடினால் மூன்றாவது வருடம் வாசலில் ஒரு டீசல் ஜீப் வந்து நிற்கும். "டீசல்தானே, செலவு குறைவு. ஜப்பான் என்ஜின்தானே, உடையாது" என்று சொல்லிக்கொள்வோம். நானும் அப்படிச் சொல்லி வாங்கியவன்தான். அதனால் எனக்கு நேர்ந்ததை ஒளிக்காமல் எழுதுகிறேன்.

2016ஆம் ஆண்டு பெப்ரவரியில் 32 இலட்சம் ரூபாவுக்கு ஒரு பழைய டீசல் ஜீப் வாங்கினேன். 1998ஆம் ஆண்டு தயாரிப்பு, மூவாயிரம் சீசீ. பெயின்ட் பளபளத்தது, சீட் புதிது. நான் பார்க்கப் போனபோது என்ஜின் ஏற்கனவே சூடாக இருந்தது. அது ஏன் என்று கேட்கும் புத்தி அன்று எனக்கு இருக்கவில்லை.

ஏப்ரலில் குடும்பத்தோடு மாவனல்லையிலிருந்து கண்டிக்கு ஒரு கல்யாணத்துக்குப் புறப்பட்டோம். கடுகண்ணாவ ஏற்றத்தில் வெப்பமானியின் முள் சிவப்புக்குப் போனது. நிறுத்தாமல் இன்னும் ஒரு வளைவு, இன்னும் ஒரு வளைவு என்று ஏற்றினேன். அதுதான் நான் செய்த பெரிய பிழை. மறுநாள் கராஜில் பாஸ் ரேடியேட்டர் மூடியைத் திறந்து என்ஜினை ஓட விட்டார். தண்ணீர் குமிழி குமிழியாகப் பொங்கியது. "முதலாளி, ஹெட் வெடித்திருக்கிறது" என்றார்.

இந்த வகைப் பழைய டீசல் என்ஜின்கள் பலவற்றில் அடிப்பாகம் வார்ப்பிரும்பு, மேலே உள்ள ஹெட் அலுமினியம். சூட்டில் இரண்டும் ஒரே அளவில் விரிவதில்லை. கூலன்ட் ஊற்றாமல் வெறும் தண்ணீரில் வருடக்கணக்காக ஓட்டினால் ரேடியேட்டர் உள்ளே துருவால் அடைபடும். அதன் பிறகு ஓர் ஏற்றம் போதும்.

செலவு இப்படி வந்தது. ஹெட் 145,000 ரூபா. கேஸ்கட் செட், டைமிங் பெல்ட், வோட்டர் பம்ப் 58,000. ரேடியேட்டர் 32,000. இன்ஜெக்டர், டீசல் பம்ப் வேலை 75,000. லேத் வேலையும் கூலியும் 40,000. மொத்தம் மூன்றரை இலட்சம். ஜீப் வாங்கிய விலையில் பத்தில் ஒரு பங்கிற்கும் மேல், வாங்கிய மூன்றாம் மாதத்தில்.

அந்தப் பணம் நோன்புப் பெருநாள் உடுப்புச் சாமானுக்கு ஒதுக்கி வைத்த பணம். புறக்கோட்டை மொத்த வியாபாரிக்குக் கொடுத்திருந்த செக்கை "இரண்டு வாரம் பிடித்து வையுங்கள்" என்று கேட்க நேர்ந்தது. இருபது வருடக் கொடுக்கல் வாங்கலில் அதுதான் முதல் தடவை. அவர் மறுக்கவில்லை. ஆனால் அடுத்த முறை சாமான் கேட்டபோது அவர் குரலில் ஒரு தயக்கம் இருந்தது. மூன்றரை இலட்சத்தை விட அதுதான் எனக்கு நட்டம்.

"அது பழைய என்ஜின், இப்போது வரும் கொமன் ரெயில் என்ஜின் வேறு" என்று சிலர் சொல்லக்கூடும். வேறுதான், ஆனால் செலவு குறையவில்லை. அதில் டீசல் ஆயிரம் பாருக்கும் மேற்பட்ட அழுத்தத்தில் பாய்கின்றது. துளித் தண்ணீரும் தூசியும் இன்ஜெக்டரைக் கெடுத்துவிடும். பிராடோவின் 1 கேடி என்ஜினில் இன்ஜெக்டருக்கு அடியிலுள்ள செப்பு வாஷர் கசிந்தால் கரி என்ஜின் ஒயிலில் கலந்து, ஒயில் உறிஞ்சும் வலையை அடைத்துவிடுகின்றது. கவனிக்காவிட்டால் முழு என்ஜினும் போகும். மொன்டெரோவின் 3.2 என்ஜினில் டைமிங் செயின் தேய்ந்து சத்தம் போடுவது பாஸ்மார் எல்லோரும் அறிந்த விடயம். பெல்ட் அறுந்தாலும் செயின் பாய்ந்தாலும் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும்.

2022க்குப் பிறகு இந்தக் கணக்கு இன்னும் கடுமையாகிவிட்டது. அந்த வருடம் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை ஏறியது. இறக்குமதிச் சாமானான உதிரிப்பாகமும் கூடவே ஏறியது. 2021 முடிவில் லீட்டர் 121 ரூபாவாக இருந்த ஒட்டோ டீசல் 2022 ஜூனில் 460 ஆனது. டீசல் மலிவு என்ற பழைய நியாயம் அன்றே அடிபட்டுப் போனது. 2020இல் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் திறக்கப்பட்டது உண்மைதான். ஆயினும் வரிப் பாரத்தால் நம்மைப் போன்ற சிறு வியாபாரிகள் பழைய வாகனத்தையே தேடுகிறோம்.

தேடுவதில் தவறில்லை. பார்த்து வாங்க வேண்டும். காலையில், என்ஜின் குளிர்ந்திருக்கும்போது போங்கள். "சூடாக்கி வைத்திருக்கிறேன்" என்றால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லுங்கள். ஸ்டார்ட் செய்ததும் புகையைப் பாருங்கள். கறுப்புப் புகை என்றால் டீசல் சரியாக எரியவில்லை. நீலப் புகை என்றால் ஒயில் எரிகின்றது. என்ஜின் சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காவிட்டால் தண்ணீர் உள்ளே போகின்றதா என்று சந்தேகியுங்கள். குளிர்ந்த நிலையில் ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் துருவும் ஒயிலும் தெரிந்துவிடும். ஓர் ஏற்றத்தில் ஓட்டிப் பாருங்கள். கியர் பொக்ஸ் ஒயில் கருகிய மணம் அடித்தால் விலகிவிடுங்கள். நான்கு சில்லு இழுவையையும் போட்டுப் பாருங்கள். விற்பவரின் பாஸை அல்ல, உங்களுடைய பாஸைக் கூட்டிப் போங்கள். பஞ்சிகாவத்தையில் பழைய ஹெட் வாங்கினால், பிரெஷர் டெஸ்ட் செய்யாமல் பூட்ட வேண்டாம்.

எல்லாவற்றிலும் முக்கியமானது இது. வாகனத்தின் விலையில் பத்தில் ஒரு பங்கை ரிப்பெயாருக்கென்று தனியாக வைக்க முடியாவிட்டால், அந்த வாகனத்தை வாங்க உங்களிடம் பணம் இல்லை என்பதே என் கருத்து. சாமான் வாங்கும் பணத்தில் ஜீப் ஓட்டக் கூடாது. உழைத்துத் தரும் வேனோ லொறியோ முதலில் வரட்டும். ஜீப் பிறகு வரலாம்.

2021இல் வாகன விலைகள் ஏறியிருந்தபோது அந்த ஜீப்பை விற்றேன். வந்தவர் ஓர் இளம் வியாபாரி. என்னைப் போலவே பெயின்டைத்தான் பார்த்தார். குறையைச் சொல்லி விற்க வேண்டும் என்று சிறு வயதிலேயே நமக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். ஹெட் ஒரு தடவை மாற்றியது, சூட்டில் கியர் பொக்ஸ் கொஞ்சம் வழுக்குவது, இரண்டையும் சொன்னேன். அவர் இரண்டு இலட்சம் குறைத்துக் கேட்டார். கொடுத்தேன். அந்தப் பணத்தில் அவர் முதலில் கியர் பொக்ஸைத்தான் செய்தார். இன்றும் பெருநாளைக்கு உடுப்பு எடுக்க என் கடைக்குத்தான் வருகிறார்.