‘வந்தேறி’னு எதைச் சொல்றீங்க?

சுற்றாடல் பற்றி எழுதுகிறவர்கள் அடிக்கடி போடும் சொல் ‘வந்தேறித் தாவரம்’. நல்ல மனசோடதான் எழுதுறாங்க. ஆனால் 1948இல் ஒரே சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்டு, ‘கள்ளத்தோணி’ என்று ஏச்சு வாங்கிய மலையகத்திலிருந்து வாசிக்கும்போது சுடுது. சுடுவதை விடுங்க, அந்தச் சொல் அறிவியல்படியும் பிழை.

தேயிலையே வெளியிலிருந்து வந்த செடிதான். 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் அதைத் தோட்டப் பயிராக்கினார். அதைப் பிடுங்கச் சொல்லி யாரும் கேட்கல. ஹோர்ட்டன் சமவெளியில் மஞ்சள் பூப்பூக்கும் முட்செடி கோர்ஸைப் பிடுங்கச் சொல்றாங்க. அதுவும் வெள்ளைக்காரன் கொண்டுவந்ததுதான். வித்தியாசம் நடத்தையில் இருக்கு. கோர்ஸ் தானாகவே பரவி, புதராக அடர்ந்து, அங்கே இருந்த புல்லுக்கு இடமில்லாமல் செய்யுது.

நம்ம முன்னோர் தோணியில் கடந்துவந்த மன்னார்க் கடலிலும் இதே கதைதான். கப்பாபைகஸ் என்பது பிலிப்பைன்ஸ் பக்கத்துக் கடற்பாசி. ஐஸ்கிரீமைக் கெட்டியாக்கும் கராஜீனன் அதிலிருந்து வருது. 1990களில் மண்டபத்தில் அரசு ஆய்வு நிறுவனம் அதை வளர்த்துப் பார்த்தது. 2000ஐ ஒட்டி பெப்சி உள்ளே வந்து வணிகமாக்கியது. 2008இல் குருசடைத் தீவுப் பவளங்கள்மேல் அது படர்ந்திருப்பதை ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். மூடிய பவளம் வெளிச்சமில்லாமல் சாகும். பிய்ந்துபோன சின்னத் துண்டும் புதுச் செடியாக வளரும்.

இப்போ நம்ம வடக்குக் கடலிலும் இதே பாசியை வளர்க்கிறாங்க. அதனால் கடற்கரைக்குப் போகிறவர்கள் கவனிங்க. வளர்ப்புக் கயிற்றுக்கு வெளியே, பவளத்தின்மேல் தடித்த ரப்பர் மாதிரிக் கிளைகள் பாயாகப் படர்ந்திருந்தால் படம் எடுங்க, இடமும் தேதியும் குறிங்க. பிய்க்காதீங்க, பிய்த்தால் பரவும். கடல்சார் சூழல் பாதுகாப்பு அதிகார சபைக்கு அறிவிங்க.

அறிவிக்கும்போது இன்னொன்றையும் கேளுங்க: இதை யார் கொண்டுவந்தாங்க, யார் அனுமதி கொடுத்தாங்க, யாருக்கு லாபம்? பாசி வளர்த்து வயிறு கழுவும் பெண்கள்மேல் பழியைப் போட்டுவிட்டுக் கம்பனியை விட்டுவிடுவது ரொம்ப சுலபம். கோர்ஸ் தானாகக் கப்பல் ஏறி வரல. கப்பாபைகஸும் நீந்தி வரல.

செடியை ‘ஆக்கிரமிப்பு இனம்’ என்று எழுதுங்க. அது என்ன செய்யுது என்பதை அந்தப் பெயர் சொல்லுது. ‘வந்தேறி’ அதன் ஊரை மட்டும்தான் சொல்லுது. ஊரை வைத்து ஆளைத் தள்ளிய நாட்டில், செடிக்கும் அதே கணக்கைப் போடாதீங்க.