கேட்காத இணைப்புக்குக் கட்டணமா?

விண்ணப்பிக்காத செல்லிடப்பேசி இணைப்புக்கான கட்டண பில் ஒருவரது வீடு தேடி வருகிறது. பெயர் அவருடையதுதான், முகவரியிலும் பிழை இல்லை. எண் மட்டும் யாருடையது என்று தெரியவில்லை. சேவை மையத்தில் முறையிட்டால், முதலில் நிலுவையைச் செலுத்துங்கள், பிறகு இணைப்பைத் துண்டிக்கிறோம் என்கிறார்கள். செலுத்த மறுத்தால் அடுத்து அழைப்பவர் வசூல் முகவர். வாங்கிய பொருளுக்கு ரசீது காட்டலாம். வாங்காததற்கு எதைக் காட்டுவது?

இது எங்கோ ஒருவருக்கு நேர்ந்த துன்பம் என்று ஒதுக்கிவிட முடியாது. முறைகேடாகப் பெறப்பட்ட 52 லட்சம் இணைப்புகள் துண்டிக்கப்பட்டதாகவும், 67 ஆயிரம் விற்பனை முகவர்கள் கறுப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டதாகவும் அன்றைய தொலைத்தொடர்புத் துறை அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ் 2023 ஆகஸ்டில் அறிவித்தார். அந்த எண்களில் எத்தனைக்குப் பின்னால், தன் பெயரில் இணைப்பு இருப்பதையே அறியாத குடிமகன் இருந்தான் என்று யாரும் கணக்குச் சொல்லவில்லை. சிம் அட்டை வாங்கச் சென்றவர் கொடுத்த அடையாள அட்டையின் நகல் இரண்டாவது இணைப்புக்கும் பயன்படுகிறது. விரல் சரியாகப் பதியவில்லை, மீண்டும் வையுங்கள் என்று கடைக்காரர் சொல்வதை நம்பிக் கைரேகையை மறுபடி பதிப்பவர், மற்றொரு சிம்முக்கும் சேர்த்தே ஒப்புதல் கொடுத்துவிடுகிறார்.

மோசடி செய்பவர்கள் மட்டும்தான் இப்படி நடந்துகொள்கிறார்கள் என்றும் எண்ண வேண்டாம். சிம் சரிபார்ப்புக்காகப் பெற்ற ஆதார் ஒப்புதலைக் கொண்டு, வாடிக்கையாளர்கள் கேட்காமலேயே அவர்கள் பெயரில் வங்கிக் கணக்கு தொடங்கியதாக எழுந்த புகாரில், ஏர்டெல் நிறுவனத்தின் ஆதார்வழிச் சரிபார்ப்பு உரிமத்தை ஆதார் ஆணையம் 2017 டிசம்பரில் நிறுத்திவைத்தது. சமையல் எரிவாயு மானியம் அந்தக் கணக்குகளுக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் பலருக்கும் விவரமே தெரிந்தது. ரிசர்வ் வங்கி 2018 மார்ச்சில் ஏர்டெல் பேமெண்ட்ஸ் வங்கிக்கு ரூ.5 கோடி அபராதம் விதித்தது. கேட்காத கதைச் செய்தி, அழைப்போசைப் பாடல் போன்றவற்றுக்கெல்லாம் பணம் பிடிக்கப்பட்ட காலமும் உண்டு. வாடிக்கையாளர் இரண்டாவது முறையும் உறுதி செய்தால் மட்டுமே கட்டணச் சேவையைத் தொடங்க வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2013 ஜூலையில் உத்தரவிட வேண்டியதாயிற்று.

பாதிக்கப்பட்டவர் யாரிடம் போவது? தனிநபர் புகார்களை டிராய் விசாரிப்பதில்லை; சட்டம் அதற்கு அந்த அதிகாரத்தைத் தரவில்லை. 2012-ல் அது வகுத்த விதிமுறைப்படி முதலில் நிறுவனத்தின் புகார் மையம், அடுத்து மேல்முறையீட்டு அதிகாரி. அந்த அதிகாரியை நியமிப்பதும் அதே நிறுவனம்தான்! தொலைத்தொடர்புத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம் என்றால், நுகர்வோர் மன்றத்தில் தொடுக்கத்தக்க தனிநபர் புகார்கள் 1997-ஆம் ஆண்டு டிராய் சட்டத்தின்படி அதன் வரம்புக்கு வெளியே உள்ளன. நுகர்வோர் மன்றத்தின் கதவையோ 2009-ல் உச்சநீதிமன்றத் தீர்ப்பு ஒன்று அடைத்தது. தொலைபேசிக் கட்டணத் தகராறுகளுக்குத் தந்திச் சட்டத்தின் 7பி பிரிவில் நடுவர் முறை இருப்பதால், நுகர்வோர் மன்றம் தலையிட முடியாது என்பது அத்தீர்ப்பு.

அந்தக் கதவு மீண்டும் திறக்க 2022 பிப்ரவரி வரை காத்திருக்க நேர்ந்தது. ஆமதாபாத் வாடிக்கையாளர் ஒருவருக்கு வழக்கமாக மாதம் சுமார் ரூ.555 பில் வரும். 2013 நவம்பர் - டிசம்பர் மாதத்துக்கு வந்ததோ ரூ.24,609. அவர் 2014-ல் மாவட்ட நுகர்வோர் மன்றத்தை அணுகினார். இந்த மன்றத்துக்கு விசாரிக்கும் அதிகாரமே இல்லை என்று நிறுவனம் மறுத்தது. மாநில ஆணையம், தேசிய ஆணையம், உச்சநீதிமன்றம் என்று அந்த ஆட்சேபத்தை எடுத்துச் சென்றது. அதிகாரம் உண்டு என்று நீதிபதி டி.ஒய். சந்திரசூட் தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தபோது ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் ஓடியிருந்தன. கட்டணம் சரியா, தவறா என்பது அல்ல, அதை யார் விசாரிப்பது என்பதே அத்தனை காலமும் வழக்காக இருந்தது.

வங்கித் துறைக்கு 1995 முதலே குறைதீர்ப்பாளர் உண்டு. தொலைத்தொடர்புக்கும் அத்தகையவர் வேண்டும் என்று டிராய் 2004-ல் பரிந்துரைத்தது; 2017-ல் மீண்டும் பரிந்துரைத்தது. கோப்பு நகர்ந்ததே தவிர, குறைதீர்ப்பாளர் வரவில்லை.

நாடாளுமன்றத்துக்கு இதைச் சீர்செய்ய அரியதொரு வாய்ப்பு 2023-ல் கிடைத்தது. 1885-ஆம் ஆண்டின் தந்திச் சட்டத்துக்கு மாற்றாக வந்த தொலைத்தொடர்பு மசோதாவை மக்களவை டிசம்பர் 20-ஆம் தேதியும், மாநிலங்களவை மறுநாளும் நிறைவேற்றின. எதிர்க்கட்சி உறுப்பினர்கள் 146 பேர் அந்தக் கூட்டத்தொடரில் இடைநீக்கம் செய்யப்பட்டிருந்தனர். கேள்வி கேட்டிருக்க வேண்டிய இருக்கைகள் காலியாக இருந்த அவையில், தவறான இணைப்புக்கு யார் பொறுப்பு என்று வரிக்கு வரி வாதிடப்பட்டிருக்கும் என எதிர்பார்ப்பதற்கில்லை.

சட்டத்தில் நல்ல அம்சங்கள் இல்லாமல் இல்லை. ஆள்மாறாட்டத்தால் சிம் பெறுவோருக்கு மூன்றாண்டு வரை சிறை, ரூ.50 லட்சம் வரை அபராதம் என்கிறது. இணையவழித் தகராறு தீர்வுக்கு 30-வது பிரிவு இடம் தருகிறது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்ட உரிமையையும் விட்டுவைக்கிறது. இப்பிரிவுகள் 2024 ஜூன் 26-ல் நடைமுறைக்கு வந்தன. ஆயினும் ஏமாற்றியவனுக்குத் தண்டனை சொல்லும் சட்டம், ஏமாற்றப்பட்டவர் தலையில் விழுந்த பில்லை யார் நீக்குவது என்பதைத் தெளிவாகச் சொல்லவில்லை.

2023 மே மாதம் தொடங்கப்பட்ட சஞ்சார் சாத்தி தளத்தில், தம் பெயரில் எத்தனை இணைப்புகள் உள்ளன என்று எவரும் பார்க்கலாம். தம்முடையது அல்லாததைப் புகாரளிக்கலாம். பயனுள்ள ஏற்பாடுதான். ஆனால், அது இணைப்பைத் துண்டிக்க உதவுமே தவிர, அதுவரை சேர்ந்த நிலுவையைத் தள்ளுபடி செய்யாது.

நிரூபிக்கும் பொறுப்பு யாருக்கு என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. காகித விண்ணப்பம் 2024 ஜனவரி 1 முதல் கைவிடப்பட்டுவிட்டது. கணினிவழிச் சரிபார்ப்பில் விண்ணப்பதாரரின் நேரடிப் புகைப்படம், இடம், தேதி, நேரம் அனைத்தும் பதிவாகின்றன. அத்தனையும் நிறுவனத்தின் வசமே. ஒருவருக்கு மட்டுமே தெரியக்கூடிய உண்மையை நிரூபிக்கும் சுமை அவருடையதே என்று 1872-ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 106-வது பிரிவு கூறியது. அதன் இடத்துக்கு வந்த புதிய சட்டமும் அதை மாற்றவில்லை. அனுமதியற்ற மின்னணுப் பணப் பரிமாற்றங்களில் வாடிக்கையாளரின் பொறுப்பை நிரூபிக்க வேண்டியது வங்கியே என்று ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் தெளிவுபடுத்தியது. புகார் வந்த பத்து வேலை நாள்களுக்குள் தொகையைக் கணக்கில் திரும்ப வைக்கவும் கட்டளையிட்டது. வங்கிகள் அதனால் திவாலாகிவிடவில்லை.

இதே விதி செல்லிடப்பேசிக் கட்டணத்துக்கும் வர வேண்டும். இணைப்பு தம்முடையது அல்ல என்று ஒருவர் எழுதிக் கொடுத்த நாளிலிருந்து பில் நிறுத்திவைக்கப்பட வேண்டும். வசூல் முகவரை அனுப்புவது தடுக்கப்பட வேண்டும். விண்ணப்பப் பதிவையும் புகைப்படத்தையும் குறித்த நாள்களுக்குள் காட்டாத நிறுவனம் நிலுவையைத் தானே ஏற்க வேண்டும். இதற்குப் புதிய மசோதா தேவையில்லை. தகவல்தொடர்புத் துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழு துறைச் செயலரையும் டிராய் தலைவரையும் அழைத்துக் கேட்கலாம். 2004-ஆம் ஆண்டுப் பரிந்துரை எந்த மேஜையில் கிடக்கிறது என்பதே முதல் கேள்வியாக இருக்கட்டும்.