ஹாஷ்ரேட்டை யார் அளந்தார்கள்?

பிட்காயின் ஹாஷ்ரேட் ஒரே நாளில் 10 சதவீதம் சரிந்தது என்று செய்தி வந்ததும் நம்மில் பலர் காரணம் தேடக் கிளம்பிவிடுகிறோம். டெக்சாஸில் மின்வெட்டா, பெரிய பூல் ஏதாவது படுத்துவிட்டதா? பெரும்பாலும் காரணம் என்று ஒன்று இருக்காது.

ஓடும் இயந்திரங்களை எண்ண எங்கும் மீட்டர் கிடையாது. தோற்ற ஹாஷ்கள் செயினில் தடம் விடுவதில்லை. நமக்குத் தெரிவது ஜெயித்த பிளாக்கும் டிஃபிகல்ட்டியும் மட்டுமே. ஒரு பிளாக்குக்குச் சராசரியாக எத்தனை ஹாஷ் தேவை என்பது டிஃபிகல்ட்டியிலிருந்து தெரியும். அதைப் பிளாக் வந்த நேரத்தால் வகுத்து ஹாஷ்ரேட் என்கிறோம். பூல்கள்கூடத் தம் மைனர்களின் திறனை, அவர்கள் அனுப்பும் ஷேர்களை (பூல் வைக்கும் எளிய இலக்கைத் தொட்ட ஹாஷ்களை) வைத்துத்தான் கணிக்கின்றன.

பிளாக் வருவது பாய்சான் பரவல். நாளொன்றுக்கு 144 பிளாக் என்றால் திட்ட விலக்கம் 12. ஒரு இயந்திரமும் நிற்காமலே 130 பிளாக்கோடு முடியும் நாளும் வரும், 160ஐத் தொடும் நாளும் வரும். தினசரி மதிப்பீட்டில் 8 சதவீதத்துக்கு மேல் இயல்பான ஆட்டம் இது. நேற்றோடு இன்றை ஒப்பிட்டால் இரண்டு நாளின் ஆட்டமும் சேர்ந்து 12 சதவீதத்தை நெருங்குகிறது. அந்த 10 சதவீதச் சரிவு எங்கே போயிற்று? மணிக்கணக்கு வரைபடத்தில் ஆட்டம் 40 சதவீதத்தைத் தாண்டும். அதைப் போடுவதே வீண். டிஃபிகல்ட்டி திருத்தப்படும் இடைவெளியான 2016 பிளாக்கின் சராசரிக்குப் போனால் சுமார் 2.2 சதவீதமாக அடங்கும்.

நிஜச் சரிவு வேறு மாதிரி இருக்கும். 2021 மே, ஜூனில் சீனா மைனிங்கை ஒடுக்கியபோது 14 நாளில் முடிய வேண்டிய 2016 பிளாக்குக்கு 19 நாளுக்கு மேல் ஆயிற்று. ஜூலை 3 அன்று டிஃபிகல்ட்டி ஏறத்தாழ 28 சதவீதம் இறங்கியது. இதை இரைச்சல் என்று ஒதுக்க வழியே இல்லை.



இனி இவ்விதழுக்கு வரும் வரைபடங்களில் எத்தனை பிளாக்கின் சராசரி, பிழை வரம்பு எவ்வளவு என்ற இரண்டும் இருக்க வேண்டும். இல்லாதவை திருப்பி அனுப்பப்படும்.